அத்வைதத்தின் வாசலில் கேள்வியைத் தடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிக இணைப்பில் அண்மையில் அத்வைதம், அதாவது உயிரும் பிரம்மம் என்னும் பரம்பொருளும் இரண்டல்ல, ஒன்றே என்ற கொள்கை, பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவருக்கு விஷயத்தில் உண்மையான ஈடுபாடு இருப்பது ஒவ்வொரு பத்தியிலும் தெரிந்தது. ஆனால் அவர் வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அத்வைதம் அறிவால் ஆராயத்தக்கது அன்று, உள்ளுணர்வால் மட்டுமே எட்டத்தக்கது, ஆகவே கேள்விகளை ஒதுக்கிவிட்டு அனுபவம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்கிறார். அதற்குச் சான்றாகக் கடோபநிடதத்திலிருந்து "நைஷா தர்க்கேண மதிராபநேயா" என்ற வரியை எடுத்துக் காட்டுகிறார். இந்த அறிவு தருக்கத்தால் அடையப்படுவது அன்று என்பது அதன் பொருள்.

வரி சரியானதே. ஆனால் அது ஒரு மந்திரத்தின் நான்கில் ஒரு பாதம். அடுத்த பாதம், வேறொருவர் எடுத்துச் சொல்லும்போதே இது நன்கு அறியப்படுகிறது என்கிறது. அதற்கடுத்து யமன், சாவுக்குப் பின் என்ன என்று தன்னிடம் கேட்ட நசிகேதன் என்ற சிறுவனை, உண்மையில் உறுதி உடையவன் என்று பாராட்டுகிறான். கடைசிப் பாதம்தான் என் மனத்தில் பல ஆண்டுகளாக நிற்பது: "த்வாத்ருங் நோ பூயாந் நசிகேத: ப்ரஷ்டா". "நசிகேதா, உன்னைப் போலக் கேள்வி கேட்பவர்கள் எமக்குக் கிடைக்கட்டும்" என்கிறான் யமன். தருக்கத்தால் அடைய முடியாது என்று சொல்லும் அதே மந்திரம், கேள்வி கேட்பவன் வேண்டும் என்று ஏங்கி முடிகிறது. முதல் பாதத்தை மட்டும் படித்துக் கேள்வி கேட்பவனை வெளியே நிறுத்துவது, அந்த மந்திரத்துக்கே செய்யும் அநீதி.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடந்த மார்கழியில் எங்கள் பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், கோயில் மண்டபத்தில் ஐந்து நாள் வேதாந்த உபன்யாசம் நடந்தது. மூன்றாம் நாள் முடிவில், கல்லூரியில் படிக்கும் வயதுள்ள ஒரு பெண் எழுந்து நின்றாள். கையில் வைத்திருந்த நோட்டை ஒரு முறை பார்த்துக்கொண்டு, "நீங்களும் நானும் இந்த மண்டபமும் மித்தை என்றால், நீங்கள் செய்கிற உபதேசமும் மித்தைதானே ஐயா? மித்தையான சொல்லைக் கேட்டு உண்மையான ஞானம் எப்படி வரும்?" என்று கேட்டாள். மித்தை என்றால் தோன்றினாலும் தனக்கென்று மெய்யான இருப்பு இல்லாதது. அவள் குரலில் சிறிதும் குதர்க்கம் இல்லை. உபன்யாசகர் சிரித்தார். "அனுபவம் வந்தால் கேள்வியெல்லாம் தானாக ஓடிப்போகும், உட்காரம்மா" என்றார். மண்டபமே சிரித்தது. அந்தப் பிள்ளை உட்கார்ந்து, நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் அவள் வரவில்லை. மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த நானும் வாய் திறக்கவில்லை. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் இன்றுவரை என்னை விடவில்லை. இந்தக் கடிதத்தில் பாதி அவளுக்காக எழுதுவது.

ஏனென்றால், அவள் கேட்டது புதிய கேள்வி அன்று. அசட்டுக் கேள்வியும் அன்று. பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம், முதல் பாதம், பதினான்காம் சூத்திரத்துக்கு எழுதிய பாஷ்யத்தில், அதாவது உரையில், அத்வைதத்தின் பேராசானான சங்கரர் இதே கேள்வியைத் தாமே பூர்வபட்சமாக, அதாவது எதிர்த்தரப்பு வாதமாக, எழுப்புகிறார். பொய்யான வேதாந்த வாக்கியம் மெய்யான பிரம்ம ஞானத்தை எப்படித் தரும், கயிற்றில் தோன்றிய பாம்பு கடித்து ஒருவனும் சாவதில்லையே, கானல் நீரை யாரும் குடிப்பதோ அதில் குளிப்பதோ இல்லையே என்று எதிராளியின் வாயில் மிக வலுவான சொற்களை வைக்கிறார். பிறகு விடை சொல்கிறார். நஞ்சு ஏறிவிட்டது என்ற வெறும் ஐயத்தாலேயே மரணம் நேர்வதைக் காண்கிறோம். கனவில் பாம்பு கடித்ததும் கனவில் நீராடியதும் விழித்தவனுக்குப் பொய். ஆனால் அவற்றைக் கண்டேன் என்ற அறிவு பொய்யாவதில்லை. பாம்பு இல்லை என்று சொல்லும் யாரும், பாம்பைக் கண்டதாகத் தோன்றியதும் இல்லை என்று சொல்வதில்லை. மேலும் ஒரு உதாரணம் தருகிறார்: எழுத்து என்பது ஒலி, ஏட்டில் இருப்பது கோடு. கோடு எழுத்தன்று. ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்தே உண்மையான எழுத்தை அறிகிறோம். ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழ் முழுவதும் தாளில் படிந்த மைதான். அதைப் பார்த்துத்தான் நானும் அந்தக் கட்டுரையாளரின் மனத்தை அறிந்தேன்.

இந்த விடை அந்தப் பெண்ணுக்குப் போதுமா, அவள் மேலும் மடக்குவாளா என்பது வேறு. அவளுடைய கேள்விக்குச் சங்கரர் நின்று விடை சொன்னார் என்பதே எனக்குப் பெரிது. அவர் பெயரைச் சொல்லி நடக்கும் மண்டபத்தில் அதே கேள்விக்குச் சிரிப்பு கிடைத்தது.

தருக்கத்தின் எல்லையைச் சங்கரர் அறியாதவர் அல்லர். அதே பாதத்தின் பதினோராம் சூத்திரம் தருக்கத்துக்கு நிலைபேறு இல்லை என்றே தொடங்குகிறது. ஒரு தார்க்கிகர், அதாவது தருக்கவாதி, நிறுவியதை இன்னொருவர் உடைக்கிறார். அவர் நிறுவியதை மூன்றாமவர் உடைக்கிறார். சாங்கியத்தின் கபிலரும் வைசேஷிகத்தின் கணாதரும்கூட ஒருவரோடு ஒருவர் உடன்படவில்லை. இறந்த காலத்துத் தார்க்கிகர், இன்றுள்ளவர், இனி வரப்போகிறவர் எல்லோரையும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் கூட்டி வைத்து ஒருமித்த கருத்தைப் பெற முடியுமா என்று கேட்கிறார். முடியாதுதான். ஆனால் அங்கேயே எதிராளி ஒரு கேள்வியைப் போடுகிறான்: தருக்கத்துக்கு நிலைபேறு இல்லை என்பதை எதைக் கொண்டு நிறுவினீர்? தருக்கத்தைக் கொண்டுதானே! சில விஷயங்களில் தருக்கம் உறுதியானதே என்று சங்கரர் ஒப்புக்கொள்கிறார். பிரம்மத்துக்கு உருவம் இல்லை, ஆகவே கண் காணாது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதற்கு ஒப்பான அடையாளமும் அதற்கு இல்லை, ஆகவே அனுமானமும், அதாவது ஊகித்தறிதலும், தனியே எட்டாது என்பதே அவர் போடும் எல்லை. அவர் தள்ளுவது எதிலும் காலூன்றாத வறட்டுத் தருக்கத்தை. சுருதியை, அதாவது வேதவாக்கை, துணைக்கொண்டு அனுபவத்தை நோக்கிச் செல்லும் தருக்கத்தை அவர் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார். மாண்டூக்ய உபநிடதத்தைப் பற்றிய கௌடபாதரின் காரிகைக்கு எழுதிய உரையில், அத்வைதப் பிரகரணம் என்ற பகுதிக்கு முன்னுரை சொல்லும் இடத்தில், அத்வைதத்தை ஆகமத்தால், அதாவது சாத்திரத்தால், மட்டுமே அறிய வேண்டுமா, தருக்கத்தாலும் அறிய முடியுமா என்று கேட்டு, தருக்கத்தாலும் முடியும் என்றே விடை தருகிறார். கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்துக்கு எழுதிய உரையிலோ, நெருப்பு குளிர்ந்தது என்று நூறு சுருதிகள் சொன்னாலும் அவை பிரமாணம், அதாவது ஏற்கத்தக்க சான்று, ஆகமாட்டா என்கிறார். கேள்வியைக் கண்டு அஞ்சுகிறவர் எழுதும் வாக்கியமா இது?

இனிக் கட்டுரையாளர் பலமுறை பயன்படுத்தியிருக்கும் உள்ளுணர்வு என்ற சொல்லுக்கு வருகிறேன். இன்றைய பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் நிலைத்துவிட்டது. காரணம் சொல்ல முடியாமல் மனத்தில் பட்டது, எனக்கு அப்படித் தோன்றியது, இந்தப் பையன் தேறுவான் என்று உள்ளே ஏதோ சொல்லியது என்பன போன்றவற்றையே உள்ளுணர்வு என்கிறோம். அது சில நேரம் பலிக்கும், சில நேரம் பலிக்காது. வேதாந்தம் அனுபவம் என்றும், சுவானுபூதி என்றும், அபரோட்ச ஞானம் (நேர் அறிவு) என்றும் சொல்வது இதை அன்று. பிரம்மசூத்திரத்தின் முதல் அத்தியாயத்து இரண்டாம் சூத்திர உரையில் சங்கரர் ஒரு கோடு கிழிக்கிறார். செயல் என்பது நம் விருப்பம். செய்யலாம், செய்யாமல் விடலாம், வேறு விதமாகவும் செய்யலாம். அறிவு அப்படியன்று, அது பொருளைப் பொறுத்தது. இருட்டில் ஒரு கட்டை நிற்கிறது. அதைக் கட்டை என்றோ மனிதன் என்றோ வேறொன்று என்றோ அவரவர் விருப்பப்படி அறியலாம் என்றால் அது அறிவாகாது. கட்டை என்று அறிவதொன்றே உண்மை அறிவு, ஏனெனில் அது அந்தப் பொருளின் வழி நிற்கிறது. இதை வஸ்து தந்திரம் என்பார்கள். அறிகிறவனின் மனப்போக்கைப் பொறுத்தது புருஷ தந்திரம். "எனக்குத் தோன்றியது" என்பது புருஷ தந்திரம். அத்வைதம் பேசும் அனுபவம் வஸ்து தந்திரம். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிட்டால், கண்ணை மூடிச் சிறிது நேரம் இதமாக இருந்த எவரும் பிரம்மானுபவம் பெற்றதாகச் சொல்லிக்கொள்ளலாம். அதை மறுக்க யாருக்கும் வழியிருக்காது. அப்படிச் சொல்லிக்கொண்டு ஆள் சேர்ப்பவர்கள் பெருகிவரும் காலத்தில் இந்த வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறேன்.

நான் 34 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்ற தேற்றத்தை எத்தனை முறை கரும்பலகையில் நிறுவியிருப்பேனோ தெரியாது. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று காட்டுவேன். பாதிப் பிள்ளைகள் வரிவரியாகப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஒரு வரியும் தவறாது, ஆனால் கண்ணில் ஒன்றும் இருக்காது. சில நாள் கடைசி பெஞ்சில் ஒரு பையன் திடீரென்று நிமிர்வான். அந்த மூன்று கோணமும் மேலே ஒரே கோட்டில் வந்து அமர்ந்துவிட்டதை அவன் பார்த்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பார்வை நிறுவலின் எந்த வரியிலும் இல்லை. ஆனால் நிறுவல் இல்லாமல் அது வந்ததும் இல்லை. கோணமானி வைத்து அளந்து 180 என்று சொல்லும் பையனுக்கு அடுத்த முக்கோணத்தில் 179 வந்தால் கலங்கிவிடுவான். பார்த்துவிட்டவன் கலங்கமாட்டான், அளவில்தான் பிழை என்பான். ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லியாக வேண்டும்: முக்கோணம் நமக்கு எதிரே இருக்கிறது, அத்வைதம் அறியச் சொல்வது அறிகிறவனையே. அதனால்தான் அங்கே வழி கூடுதலாக வழுக்குகிறது.

எங்கள் ஞாயிறு மாலை வகுப்பில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குச் சொல்லும் மண் உதாரணம் அன்றைய பாடம். ஒரு மண்கட்டியை அறிந்தால் மண்ணாலான எல்லாம் அறிந்ததாகும், விகாரம் (மாறிய வடிவம்) என்பது வாய்ச்சொல்லால் வந்த பெயர், மண் என்பதே உண்மை என்ற இடம். வகுப்புக்கு வரும் பெரியவர் ஒருவர், வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உடனே மறுத்தார். "மண்ணை வைத்துக்கொண்டு தண்ணீர் மொள்ள முடியுமா? குடத்தில்தானே மொள்கிறோம். பிறகு குடத்தைப் பொய் என்றால் எப்படி?" பாடம் சொல்பவர் கோபப்படவில்லை. மூலையில் இருந்த காருகுறிச்சிக் குடத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "குடத்தை மட்டும் எடுத்து என்னிடம் கொடுங்கள். மண் அங்கேயே இருக்கட்டும்" என்றார். பெரியவர் குடத்தின் கழுத்தில் கை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். "சரி, தராசில் வைத்தால் மண்ணுக்கு ஓர் எடை, குடத்துக்கு ஓர் எடை என்று இரண்டு காட்டுமா?" என்று அடுத்த கேள்வி வந்தது. காட்டாது. குடம் மண்ணுக்கு மேல் கூடுதலாக வந்த இரண்டாவது பொருள் அன்று. ஆனால் முயற்கொம்பைப் போல, மலடி மகனைப் போல அடியோடு இல்லாததும் அன்று. அதில் தண்ணீர் நிற்கிறது. தனக்கென்று ஓர் இருப்பு இல்லாமல் மண்ணின் இருப்பைக் கடன் வாங்கி நிற்பது. இதற்குப் பெயர்தான் மித்தை. மித்தை என்பதைப் பொய் என்று ஒரே சொல்லில் பெயர்த்துவிட்டதால் அத்வைதத்துக்கு நேர்ந்த கேடு சிறிதன்று. உலகம் பொய் என்றால் பசியும் பொய்யா, கூலியும் பொய்யா, பக்கத்து வீட்டுக்காரனின் துன்பமும் பொய்யா என்று நியாயமாகக் கேட்பவர்களுக்கு, உண்மை, இன்மை, இவ்விரண்டிலும் அடங்காத மித்தை என்ற மூன்றையும் பிரித்துக் காட்டாமல் பதில் சொல்லவே முடியாது. பிரித்துக் காட்டுவது தருக்கத்தின் வேலை. எந்த உள்ளுணர்வும் அதைச் செய்து தராது.

அப்படியானால் எல்லாம் தருக்கத்தாலேயே முடிந்துவிடுமா என்றால், முடியாது. இதை நான் முதலில் கற்றுக்கொண்டது என் ஆச்சியிடம். நாங்கள் பேரன் பேத்திகள் பத்துப் பேர் அன்று வீட்டில் இருந்தோம். பொங்கல் முடிந்த சமயம். அடுக்களையில் பனங்கிழங்கு அவித்து வைத்திருந்தது. "எத்தனை பேர் இருக்கியன்னு எண்ணி, ஆளுக்கு ஒண்ணா எடுத்துட்டு வா" என்று என்னை அனுப்பினாள். திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினேன், ஒன்பது. உள்ளே போய் ஒன்பது கிழங்கு எடுத்து வந்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்து முடித்தபோது என் கை வெறுமையாக இருந்தது. கடைசித் தம்பி நாரை உரிக்கத் தொடங்கிவிட்டான். எனக்கு அழுகை முட்டியது. ஆச்சி என் தலையில் கை வைத்து, "ஏல, உன்னய எண்ணுனியால?" என்றாள். பிறகுதான் ஆற்றைக் கடந்த பத்துப் பேரின் கதையைச் சொன்னாள்: கரையேறி எண்ணியவன் தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஒன்பது பேரே வந்தது, பத்தாமவன் ஆற்றோடு போனான் என்று அவர்கள் அழுதார்கள். அவள் கதையில் அது தாமிரபரணிதான்; வெள்ளம் வந்த நாள்தான்.

வேதாந்த நூல்களில் தசமன் கதை என்று வழங்குவது இதுவே. சங்கரரின் உபதேச சாகஸ்ரியில் இந்த உதாரணம் வருகிறது. வித்யாரண்யர் பஞ்சதசியில் இதை ஏழு நிலைகளாக விரித்திருக்கிறார். பத்தாமவனை அறியாமை, அவன் இல்லை என்ற மறைப்பு, ஆற்றோடு போய்விட்டான் என்ற அழுகை, பத்தாமவன் இருக்கிறான் என்று நம்பத்தக்கவர் சொல்லக் கேட்ட மறைமுக அறிவு, நீயே அவன் என்றதால் வந்த நேர் அறிவு, துயர் நீங்குதல், நிறைவு என்று அவை செல்லும். இதில் தருக்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பத்தாமவன் செத்துவிட்டான் என்று முடிவு கட்டி அழுகிறவனிடம், எண்ணியவனை யார் எண்ணினார் என்று கேட்பது தருக்கம். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் "நீதான் அவன்" என்ற சொல் அவன் காதில் ஏறாது. ஆனால் கேள்வியோடு நின்றுவிட்டாலும் பத்தாமவன் கிடைக்கமாட்டான். அந்தச் சொல் அவனைத் தன் பக்கம் திருப்ப வேண்டும். திரும்பியபின் கிடைத்தது புதிதாக எங்கிருந்தும் வந்ததன்று. அனுபவம் வரும் என்று காத்திருப்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். பத்தாமவன் வருவதற்காக அந்த ஒன்பது பேரும் கரையில் எத்தனை காலம் காத்திருந்தாலும் அவன் வரப்போவதில்லை.

பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்குச் சொல்வதும் இந்த வரிசைதான். ஆன்மா காணப்பட வேண்டியது. அதற்காகக் கேட்கப்பட வேண்டும், சிந்திக்கப்பட வேண்டும், இடைவிடாது நிலைநிறுத்தப்பட வேண்டும். சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்பவை இவை. நடுவில் இருக்கும் மனனம் என்பது யுக்தியால், அதாவது தருக்கத்தால், ஐயம் நீக்குவது; அதை யாரும் உருவிவிட முடியாது. சைவ சித்தாந்திகளும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று நான்காக இதையே வைக்கிறார்கள். தமிழில் தாண்டவராய சுவாமிகள் அருளிய கைவல்லிய நவநீதத்தை எடுத்துப் பாருங்கள். முதல் படலம் தத்துவ விளக்கம். இரண்டாவது சந்தேகம் தெளிதல். முதலாவதைவிட இரண்டாவதே பெரியது. சீடன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்; குரு சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஓரிடத்தில்கூட உட்கார் என்று அவனை அடக்கவில்லை.

நிதித்தியாசனம் எதற்கு என்பதை எனக்கு நூல்கள் கற்பிக்கவில்லை. என் மனைவி இறந்தபோது நான் வேதாந்தம் படிக்கத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆன்மாவுக்குப் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. எதிர்வாதம் எதுவாயினும் விடை சொல்வேன். ஆனாலும் பல மாதம், விடிகாலையில் எழுந்ததும் அடுப்படிப் பக்கம் காதைக் கொடுத்துப் படுத்திருப்பேன். பாத்திரச் சத்தம் கேட்காதா என்று. ஐயம் நீங்கியவனுக்கும் பழக்கம் நீங்குவதில்லை. உடம்பே நான், இழந்தது என் பாதி என்ற அந்த நெடுநாள் எண்ணத்தை விபரீத பாவனை என்று நூல் சொல்கிறது. அது தருக்கத்துக்குக் கட்டுப்படாது. அறிந்ததிலேயே மனத்தை மீண்டும் மீண்டும் நிறுத்தித்தான் அதைக் கரைக்க வேண்டும். என்னிடம் அது இன்னும் முழுதும் கரையவில்லை. ஆகவே தருக்கமே போதும் என்று வாதிட எனக்கு உரிமை இல்லை. அப்படி வாதிடவும் இல்லை. ஆனால் அந்த மாதங்களில் என்னைத் தாங்கியது, ஐயமில்லாமல் தெளிந்து வைத்திருந்த அந்தச் சிறிய அறிவுதான். வெறும் உணர்ச்சியாக இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே அடித்துக்கொண்டு போயிருக்கும்.

ரமண மகரிஷியின் வாழ்க்கையைக் காட்டி, அவர் எந்தத் தருக்க நூலைப் படித்தார் என்று சிலர் கேட்பதுண்டு. திருச்சுழியில் பிறந்த அந்தப் பையனுக்கு 1896-இல், மதுரையில், பதினாறு வயதில் அது நிகழ்ந்தது உண்மை. ஆனால் நிகழ்ந்தது என்ன? மரண பயம் வந்தபோது அவர் ஓடவில்லை. பிணம் போல விறைத்துப் படுத்து, சாவது எது, இந்த உடம்பு எரிந்தபின் நான் எரிந்துவிடுவேனா என்று தம்மிடமே கேட்டார். அது விசாரணை. பிற்பாடு தம்மிடம் வந்து கேட்டவர் எவரையும் அவர் கேள்விக்காக விரட்டவில்லை. "நான் யார்?" என்று இன்று எல்லோர் கையிலும் இருக்கும் சிறுநூலே, சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக்காட்டிய விடைகளிலிருந்து உருவானது. விவேக சூடாமணியையும் திருக்திருசிய விவேகத்தையும் அவரே தமிழ் உரைநடையில் பெயர்த்தார். பார்க்கப்படுவது வேறு, பார்ப்பது வேறு என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டும் அந்த இரண்டாவது நூல் முழுக்க முழுக்க யுக்தி.

எங்கள் திருநெல்வேலிச் சீமைக்கு இதில் தனி உரிமை உண்டு என்று கருதுகிறேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர், சங்கர வேதாந்தத்தை மாயாவாதம் என்று மறுத்த சைவ சித்தாந்தி. அவர்தான் தருக்க சங்கிரகம் என்ற தருக்க நூலைத் தமிழில் தந்தவர். எதிராளியை மறுக்க வேண்டுமானால் முதலில் அவன் சொல்வதைச் சரியாக எடுத்து வைக்க வேண்டும் என்பதை சிவஞானபோதத்துக்கு அவர் எழுதிய பேருரையான மாபாடியத்தைப் படிப்பவர்கள் பக்கத்துக்குப் பக்கம் காணலாம். என் தந்தையாரும் சித்தாந்திதான். நான் வேதாந்த வகுப்புக்குப் போகத் தொடங்கியதும் அவர் என்னைத் தடுக்கவில்லை, திரும்பி வந்ததும் திண்ணையில் உட்கார வைத்து, "உயிரே பிரம்மம் என்றால் அறியாமை யாருக்கு வந்தது?" என்று கேட்டார். மறு வாரம் கீதையின் பதின்மூன்றாம் அத்தியாய உரையிலிருந்து, அது யாருக்குக் காணப்படுகிறதோ அவருக்கே என்ற சங்கரரின் விடையைக் கொண்டுபோனேன். அது விடையா, நழுவலா என்று அவர் இறக்கும்வரை எங்களுக்குள் தீரவில்லை. அத்வைதத்துக்குள்ளேயே பாமதி வழியினர் அறியாமையின் இருப்பிடம் சீவன் (தனி உயிர்) என்றும், விவரண வழியினர் பிரம்மமே என்றும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டிருக்கும்போது எங்கள் திண்ணையில் தீராதது வியப்பன்று. ஆனால் என் தந்தையார் கேட்ட அந்த ஒரு கேள்வியால் நான் படித்த அளவு, எந்த உபன்யாசத்தாலும் படித்ததில்லை.

சாந்தோக்கியத்தில் இன்னொரு இடம் உண்டு. காந்தார தேசத்தான் ஒருவனைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் ஆளில்லாத இடத்தில் விட்டுவிடுகிறார்கள். அவன் நாலா திசையும் பார்த்துக் கூவுகிறான். ஒருவர் வந்து கட்டை அவிழ்த்து, காந்தாரம் இந்தத் திசையில் இருக்கிறது, இப்படிப் போ என்கிறார். அவ்வளவுதான் அவர் செய்வது. அதன்பின் அவன் ஊர் ஊராகக் கேட்டுக் கேட்டு, அறிவும் புத்தியும் உடையவனாகையால், காந்தாரம் போய்ச் சேர்கிறான். "கிராமாத் கிராமம் ப்ருச்சந்" என்பது மூலத்தின் சொல். ஊருக்கு ஊர் கேட்டபடி என்று பொருள். கட்டை அவிழ்ப்பவர் குரு; நடக்கிறவன் கேட்டுக்கொண்டு நடக்கிறான். வழியில் கேட்காதே, கால் தானாகக் கொண்டுபோய் விடும் என்று அந்தக் குரு சொல்லவில்லை.

ஆகவே எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. எங்கள் பக்கத்துக் கோயில்களிலும் சபைகளிலும் வேதாந்த உபன்யாசம் ஏற்பாடு செய்பவர்கள், கடைசி அரை மணி நேரத்தைக் கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும். விடை தெரியாத இடத்தில் நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று உபன்யாசகர் சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. தங்கள் நாளிதழின் ஆன்மிக இணைப்பிலும் வாசகர் கேள்விகளுக்கு என்று கால் பக்கமாவது ஒதுக்கி, நூல் பயின்றவர்களைக் கொண்டு, எந்த நூலில் எந்த இடத்தில் விடை இருக்கிறது என்ற குறிப்போடு பதில் வெளியிட வேண்டும். முதல் கேள்வியாக, மித்தையான சொல்லிலிருந்து மெய்யான ஞானம் எப்படி வரும் என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். கேட்ட பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. ஆற்றங்கரை ஊரில் மார்கழி உபன்யாசத்தின் மூன்றாம் நாள் கேட்கப்பட்டது என்று போட்டால் அவள் அடையாளம் கண்டுகொள்வாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
அம்பாசமுத்திரம் வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.